ஒன்பதாவது வீடு

செபஸ்தியார் எங்கள் வீட்டுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது என் புருஷனுக்கு அம்மை போட்டது. கொப்பளிப்பான் இல்லை, பெரியம்மை. எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வயதில் எனக்கு வந்து, போகும்போது கன்னமெல்லாம் குழி பறித்துவிட்டுப் போன நோய் அது. ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது என்பார்கள். அந்த ஒரு சலுகைக்காக இந்த முகத்தை முப்பத்தெட்டு வருஷம் சுமந்திருந்தேன்.

வெள்ளைக்காரரின் பழைய ராசா செத்து, மூத்த மகன் முடி வேண்டாமென்று ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய், இளைய மகன் வந்து குந்தியிருந்த நேரம். தை மாதம், இங்கிலீஷ் கணக்கில். துறைமுகப் பக்கம், கொட்டாஞ்சேனையில் பெரிய கோயிலுக்குப் பின்னால் எங்கள் தோட்டம். தோட்டம் என்றவுடன் மாமரம், தென்னைமரம் என்று நினைக்க வேண்டாம். முதுகோடு முதுகு ஒட்டின பதினாலு வீடும், நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப்பும், கடைசியில் இரண்டு கக்கூசும் சேர்ந்ததுதான் தோட்டம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘யேசுவே’ என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரு மனிதனை ஒளித்துவைத்தேன்.

தை இருபது செபஸ்தியார் திருநாள். கொள்ளைநோய்க்குக் காவல் அவர்தான். திருநாளுக்கு முந்தின ஒன்பது நாளும் அவருடைய சின்னச் சுருவத்தை, அந்த மரச் சிலையை, கோயிலிலிருந்து எடுத்துவந்து, நாளுக்கு ஒரு வீடாக ஒன்பது வீட்டில் வைப்போம். எந்தெந்த வீடு என்று புதுவருஷப் பூசைக்குப் பிறகு சீட்டுக் குலுக்குவார்கள். சுருவம் இருக்கிற வீட்டுக் கதவை இரவும் பகலும் சாத்தக்கூடாது. யாரும் எந்த நேரமும் உள்ளே வந்து முழந்தாளில் நிற்கலாம். சுருவத்தை வைத்ததும் முதல் காரியமாக, வீட்டுக்காரி விளக்கு எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு, தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருடைய நெற்றியிலும் சிலுவை போட வேண்டும். பிறகுதான் செபமாலை. அந்த வருஷம் ஒன்பதாவது வீடு எங்களுடையது.

எனக்குப் பிள்ளை இல்லை. பைப்படியில் என்ன சண்டை வந்தாலும் கடைசியில் அந்த ஒரு சொல்லில்தான் வந்து நிற்கும். அதனால் சீட்டில் எங்கள் பேரை வாசித்தபோது நான் கோயில் வாசலிலேயே அழுதுவிட்டேன். பதினொரு பிள்ளைகள் என் முன்னால் வரிசையாக நிற்பார்கள். அவர்களைத் தொட எனக்கு உரிமை இருக்கும், அதுவும் பெற்றவளுகளுக்கு முன்னால். இந்த வயதில் இதற்கெல்லாம் ஆசைப்படுவதா என்று கேட்டால், ஆசைப்பட்டேன்.

என் புருஷன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளாக். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்கக் கோடு போடுவது பகல் வேலை. அந்தியானால் தோட்டத்துக்குச் செபம் சொல்லிக்கொடுப்பார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். செபமாலையில் வரும் துக்க இரகசியங்களுக்கு, யேசு பட்ட பாடுகளுக்கு, அவர் சொல்லும் விளக்கத்தைக் கேட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். ‘விசுவாசம் இருக்கிறவனுக்குப் பயம் இல்லை’ என்று எத்தனை வீட்டில் முழங்கியிருக்கிறார்! வீட்டில் ஒரு கரப்பான் பூச்சி பறந்தால் என்னைக் கூப்பிடுவார். இதை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை, குடும்ப மானமல்லவா.

மார்கழிக் கடைசியில் ஒரு கப்பலோடு அந்த நோய் வந்தது. முதலில் இரண்டு கூலியாட்கள், பிறகு ஒரு காவல்காரன், பிறகு அடுத்த ஒழுங்கையில் ஒரு குடும்பம். முனிசிபல் வான் வண்டி வந்து நோயாளியை ஊருக்கு வெளியே காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும். வீட்டாரை இன்னொரு வானில், ஊரோடு சேராமல் அடைத்துவைக்கிற காம்புக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏறினவர் திரும்புவதில்லை, செத்தவரைச் சுண்ணாம்பில் புதைப்பார்கள், சுவாமியாரை உள்ளே விடமாட்டார்கள், சனம் பயந்துவிடுமென்று கோயிலில் சாவு மணிகூட அடிக்க விடமாட்டார்கள். உண்மையோ பொய்யோ, பைப்படியில் இதுதான் கதை.

ஒஸ்வால்ட் மூன்று வீட்டில் செபம் சொன்னார். நாலாம் நாள் வேலையால் வந்து, முதுகும் நாரியும் முறிகிறது, தலை வெடிக்கிறது என்று படுத்தார். தடிமன், சளிக்காய்ச்சல் என்று சொல்லித் தோட்டத்தைச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு நான் வெளிக்கிடும்போது கூப்பிட்டார். உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பயறு புதைந்து கிடப்பதுபோல் இருந்தது. நெற்றியிலும் தொடங்கியிருந்தது.

“யோசெப்பின், இது அதுதானே?”

எனக்குப் பொய் சொல்ல வராது. “ஓம்” என்றேன்.

அவர் அழத் தொடங்கினார். சத்தம் வெளியே போகாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

“என்னை வானில ஏத்த விட்டுடாதே. அங்க ஒருத்தரும் இல்லாமச் செத்துப்போவன். அவஸ்தை எண்ணெய் பூசச் சுவாமியார் வரமாட்டார். மணி அடிக்க மாட்டினம். நாயைப் புதைக்கிற மாதிரிப் புதைப்பினம்.”

“ஆர் சொன்னது? பைப்படிக் கதையை நீங்களும் நம்புறியளோ?”

“நம்பாட்டிலும் பயமாக் கிடக்குது. நான் என்ன செய்ய?” சுவரிலிருந்த பாடுபட்ட சுருவத்தை, யேசு தொங்குகிற சிலுவையைக் காட்டினார். “அதை எடு. கையில பிடி. நான் உயிரோட இருக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.”

எடுத்தேன். சத்தியம் பண்ணினேன். இருபத்திரண்டு வருஷம் இந்த முகத்தைப் பார்த்து ஒருநாள்கூட முகம் சுளிக்காத மனிதன். அவர் கேட்டால் நான் எதைச் செய்யமாட்டேன்?

அன்றைக்கே, விடியப்புறம் முதல் றெயிலில் அவர் சிலாபத்துக்குப் போய்விட்டார், தமையனுக்கு நோய் கடுமை என்று தோட்டத்துக்குச் சொன்னேன். பொய் சொல்ல வராதென்று இப்போதுதான் சொன்னேன். தேவைக்கு எல்லாம் வரும்.

திங்கட்கிழமை அவர் முகம் முழுக்கக் கொப்புளம் எழும்பிவிட்டது. தண்ணீர் விழுங்கவும் முடியவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்தேன். அவர் போர்த்த துணிகளைக் குசினிக்குள் அவித்தேன். கைகளைக் கார்போலிக் சவர்க்காரம் போட்டு எரியும்வரை கழுவினேன். பிறகு தண்ணீருக்குப் பைப்படிக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கதவைத் தட்டுவார்கள்.

அங்கே பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் நின்றாள். கிரேன் ஓட்டுகிற ஹெக்டருடைய பெண்சாதி. நாலு பிள்ளை பெற்றவள், நல்லவள், வாய் மட்டும் கத்தி.

“அக்கா, நாளைக்கு உங்கட பின் அறையையும் திறந்துவிடுங்கோ. முன் அறைக்குள்ள சனம் கொள்ளாது.”

“பின் அறையில சாமான் கிடக்குது.”

“ரெண்டு பேருக்கு அப்பிடி என்ன சாமான்? நான் வந்து ஒதுக்கித் தாறன்.”

“வேண்டாம் எண்டால் விடன்!” என்று விழுந்தேன். அவள் ஒருமாதிரிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கடைசிப் பிள்ளை கொன்ஸ்ரன்ஸ் ஓடிவந்து வழுக்கி விழுந்தது. நாலு வயது. முழங்கால் தேய்ந்து இரத்தம். என் காலடியில்தான் விழுந்தது. நான் யோசிக்கவில்லை. தூக்கினேன், மூக்கைத் துடைத்தேன், முழங்காலைக் கழுவி ஊதிவிட்டேன். போன வருஷம்வரை என் முகத்தைக் கண்டால் அலறுகிற பிள்ளை, அன்றைக்கு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு என் கைகள் ஞாபகம் வந்தன. பிள்ளையை இறக்கிவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தேன். குசினிக்குள் இருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிப்போட்டால் என்ன என்று தோன்றியது.

பின்னேரம் ஹெக்டரிடம் போய், வாசலில் தள்ளி நின்றுகொண்டே கேட்டேன். “அவர் இல்லாத வீட்டில எப்பிடி? சுருவத்தை வேற வீட்டுக்குக் கொண்டுபோங்கோவன்.”

“என்ன கதைக்கிறியள் அக்கா? இந்த நோய்க் காலத்தில செபஸ்தியாரைத் திருப்பி அனுப்பின வீடு எண்டு பேர் எடுக்கப் போறியளோ? ஒஸ்வால்ட் அண்ணை இல்லாட்டி என்ன, புத்தகத்தைப் பார்த்து நான் வாசிக்கிறன்.”

அதற்குமேல் வற்புறுத்தினால் சந்தேகம் வரும். திரும்பி வந்தேன்.

நான் பெரிய பக்திக்காரி இல்லை. பூசைக்குப் போவேன், செபமாலையில் பாதியில் தூங்குவேன். அந்த இரண்டு நாளும் கடவுளிடம் கேட்டதைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். இவரைச் செவ்வாய் அந்திக்கு முன்னால் எடுத்துவிடும் என்று கேட்டேன். இவர் செத்தால் சத்தியம் முடியும், ஊருக்குச் சொல்லலாம், பிள்ளைகள் தப்பும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்ட வாயால்தான் அவர் உதட்டில் பஞ்சைப் பிழிந்து ‘இன்னும் கொஞ்சம் குடியுங்கோ’ என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து, “கதவைத் திறந்து வைக்க வேணுமே” என்றார்.

“ஓம்.”

“நான் இருமமாட்டன். துணியை வாயில வைச்சுக்கொள்ளுறன்.”

“பிள்ளையள் வருவினம், என்னங்கோ. பதினொரு பிள்ளையள்.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “சத்தியம் பண்ணியிருக்கிறாய்” என்றார்.

அந்திக்குக் கோயில் மணி அடித்து முடிய வந்தார்கள். முன்னால் ஹெக்டர் சுருவத்தைத் தூக்கிவந்தான். இரண்டு சாண் மரச் சுருவம். உடம்பில் தைத்த ஐந்து அம்பில் ஒன்று எப்போதோ விழுந்து, இடுப்பில் துளை மட்டும் இருக்கும். பின்னால் மெழுகுதிரிகளோடு ஆண்கள், பெண்கள். முன் அறையில் வெள்ளை விரித்து வைத்திருந்த மேசையில் சுருவத்தை வைத்தார்கள். விளக்கை ஏற்றினேன். முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு சீலைத்திரைதான். அதற்கு முன்னால் அலுமாரியை இழுத்துவைத்திருந்தேன். அறை முழுக்கச் சாம்பிராணி. அது இல்லாவிட்டால் அந்த வாடை எல்லோருக்கும் அடித்திருக்கும்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். உயரத்தின்படி சின்னது முன்னால் நிற்பது வழக்கம். முன்னால் நின்றது கொன்ஸ்ரன்ஸ். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள் தாய். முழங்காலில் நேற்றைய காயம் கறுத்துக் காய்ந்திருந்தது. பிள்ளை முகத்தை நிமிர்த்திக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

நான் பெருவிரலை எண்ணெயில் தோய்த்தேன்.

எனக்கு அம்மை போட்டபோது நாங்கள் நீர்கொழும்பில் இருந்தோம். என் அம்மா என்னை நெற்கூடைக்குப் பின்னால் மூன்று வாரம் ஒளித்துவைத்திருந்தாள். நான் பிழைத்தேன். என்னோடு விளையாட யன்னலால் ஏறிவந்த எதிர்வீட்டு றெஜினா பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெட்டி வீட்டுக்கு முன்னால் போகும்போது அம்மா கதவைச் சாத்தினாள். சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாகும்போது என் முகத்தைத் தடவிக்கொண்டு, “உன்னைக் காப்பாத்தினன்” என்று மட்டும் சொன்னாள். அது பெருமையா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விரலிலிருந்து எண்ணெய் சொட்டியது. யாரோ இருமினார்கள். உள்ளேயா வெளியேயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என் சத்தியத்தை நினைத்தேன். அதைப் பண்ணின பாடுபட்ட சுருவத்தை மேசையில் செபஸ்தியாருக்குப் பக்கத்தில் நானேதான் வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன். யேசுவே, நான் பொய்ச் சத்தியக்காரியாய்ப் போனாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளையைத் தொட வைக்காதேயும் என்றேன். என் வாழ்க்கையில் முழு மனதோடு சொன்ன செபம் அந்த ஒன்றுதான். சொல்லி முடிய என் கை தானாகக் கீழே இறங்கியது.

“பிள்ளையளை வெளியில கொண்டுபோங்கோ” என்றேன். “ஒருத்தரையும் நான் தொடேல்லை. கொண்டுபோங்கோ. ஒஸ்வால்ட் சிலாபத்துக்குப் போகேல்லை. உள்ளுக்குக் கிடக்கிறார். பெரியம்மை.”

 எல்லோரும் ஒரேயடியாக அசைந்தார்கள். பிள்ளைகளைக் கையில், காலில், சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மெழுகுதிரிகள் நிலத்தில் உருண்டன. புளோறன்ஸ் மட்டும் வாசலில் நின்று திரும்பினாள். கொன்ஸ்ரன்ஸ் அவள் இடுப்பில் கத்திக்கொண்டிருந்தது.

“நேற்று என்ர பிள்ளையைத் தூக்கினாய். அப்ப உனக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“நீயும் ஒரு பொம்பிளையோடி? பெத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்!”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 

படலையடியில் ஒழுங்கைக் கடைக்காரர் பௌஸி நானா சத்தம் கேட்டு வந்து நின்றார். “நானா, முனிசிபாலிட்டிக்குச் சொல்லி அனுப்புங்கோ. வான் வரட்டும்” என்று உள்ளேயிருந்தே கத்தினேன். “நானே போறேன் தங்கச்சி. நீங்க தைரியமா இரிங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த அந்தியில் என்னோடு நல்ல வார்த்தை பேசினவர் அவர் ஒருவர்தான்.

அப்போது திரைக்குப் பின்னால் ஒஸ்வால்ட் அழத் தொடங்கினார். இந்த முறை தலையணையைக் கடிக்கவில்லை.

“சத்தியம் பண்ணினியே யோசெப்பின்! சிலுவையில பண்ணினியே! என்னைக் காட்டிக்குடுத்திட்டியே!”

தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். மூன்று வீட்டில் ‘பயம் இல்லை’ என்று முழங்கின அதே குரல். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்காகவும் எனக்காகவும். அலுமாரியைத் தள்ளிவிட்டு உள்ளே போய் அவர் தலைமாட்டில் இருந்தேன்.

“ஓம், காட்டிக்குடுத்தனான். யூதாசு எண்டே சொல்லுங்கோ.”

“எனக்குப் பயமாக் கிடக்குது.”

“தெரியும்.”

“நான் விசுவாசம் இல்லாதவன், யோசெப்பின். சனத்துக்கு எல்லாம் பொய்தான் சொன்னனான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நிலையில் இருக்கிற மனிதனிடம் கோபப்படலாமா? வந்தது.

“இண்டைக்குச் செவ்வாய். துக்க தேவ இரகசியம். முதலாவது என்ன?”

அவர் போர்வையை முகத்துக்கு இழுத்தார்.

“சொல்லுங்கோவன். இருபத்திரண்டு வருஷம் நான் அரைத் தூக்கத்தில கேட்டது. முதலாவது என்ன?”

“பூங்காவனத்தில…” என்றார்.

“பூங்காவனத்தில அவர் என்ன செய்தவர்? சிரிச்சவரோ? பயத்தில இரத்தமா வேர்த்தது எண்டு நீங்கள்தானே சொல்லிச் சொல்லிச் சனத்தை அழவைச்சனீங்கள்? இது வேண்டாம் எண்டு கேட்டவர்தானே? கூட இருங்கோ எண்டு கெஞ்சினவர்தானே? அப்ப அவருக்கும் விசுவாசம் இல்லையோ?”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, மற்றக் கண்ணால் பார்த்தார்.

“பயந்தவர், பிறகு எழும்பிப் போனவர்” என்றேன். “எனக்குத் தெரிஞ்ச வேதம் அவ்வளவுதான்.”

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. முன் கதவு அகலத் திறந்தே கிடந்தது. முற்றத்தில் பைப்புக்கு அப்பால் சனம் கூட்டமாக நின்று வாய்க்கு வாய் கத்திக்கொண்டிருந்தது. சிலர் என் தலையில் மண் விழட்டும் என்றார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ தெரியாது. உள்ளே ஒஸ்வால்ட் எழுந்திருக்கப் பார்த்தார். தூக்கி என்மேல் சாய்த்துக்கொண்டேன். கையைத் தூக்க முடியாமல் தூக்கிச் சிலுவை வரைந்து, “பிதாவின்…” என்று தொடங்கினார்.

தொண்டைக்குள்ளும் கொப்புளம். குரல் முழுக்கத் தூளாகிப் போயிருந்தது. ஆனாலும் முற்றத்துக்குக் கேட்டது. முதலாம் இரகசியத்தைச் சொல்லிப் பரமண்டல மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். மறுபாதியைச் சனம் சொல்ல வேண்டும். முற்றம் அடங்கிப்போய் நின்றது. நான் சொல்ல வாயைத் திறந்தேன், எனக்கு வரவில்லை. பிறகு பைப்படிப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல் மறுபாதியைச் சொன்னது. ஹெக்டர். அடுத்த மந்திரத்துக்கு நாலைந்து குரல். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள், அந்தச் சத்தமும் கேட்டது. நின்றவர்கள் நின்று சொன்னார்கள். உள்ளேயிருந்து ஒரு பாதி, முற்றத்திலிருந்து ஒரு பாதி. செபமாலையில் மூன்றாம் பத்துக்கு நடுவில் அவருக்குக் குரல் நின்றது. அதிலிருந்து நான் சொன்னேன். எண்ணிக்கை பிழைத்து ஒரு பத்தில் பன்னிரண்டு சொல்லிவிட்டேன். யாரும் திருத்தவில்லை.

மறுநாள் திருநாளன்று காலை வான் வந்தது. சனிட்டறி இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, “லெடா கோ, நோனா?” என்று சிங்களத்தில் நோயாளி எங்கே எனக் கேட்டார். மூக்கில் துணி கட்டின இரண்டு பேர் தூக்குக்கட்டிலோடு உள்ளே வந்தார்கள். ஒஸ்வால்ட், “நடக்கிறன்” என்றார். நடக்கிற நிலையா அது? போர்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முன் அறைக்கு வந்தார். செபஸ்தியாருக்கு முன்னால் நின்றார். முழந்தாளிட முடியவில்லை, தலையை மட்டும் குனிந்தார். 

“பயம் போகேல்லை, யோசெப்பின்” என்றார்.

“தெரியும்.”

“ஆனா போறன்.”

“போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.”

“போயிட்டு வாறன்” என்றார். வானில் தானாகவே ஏறினார்.

என்னை மற்ற வானில் ஏற்றினார்கள். அன்றைக்கே தோட்டத்தில் எல்லோருக்கும் நோய் வராமல் தடுக்கக் கையில் கீறி அம்மைப்பால் கட்டினார்கள் என்று பிறகு அறிந்தேன். சுருவத்தை எடுக்க யாரும் வரவில்லை. அம்மை வீட்டுச் சாமானைத் தொட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோக யார் துணிவார்கள்? அந்த வருஷம் செபஸ்தியார் இல்லாமலே தோட்டத்தில் திருநாள் போனது.

காம்பில் பதினாறு நாள். அங்கே நான் புருஷனுக்காக அழுததைவிடக் கொன்ஸ்ரன்ஸுக்காக நாள் எண்ணினதுதான் அதிகம். திங்கட்கிழமை தொட்டேன். பன்னிரண்டு நாளில் காய்ச்சல் காட்டும் என்பார்கள். வேலிக்கு வெளியே வருகிற ஆட்களிடமெல்லாம், கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பிள்ளைக்கு வந்ததா என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒன்பதாம் நாள் காம்புக் கிளாக் வந்து என் பேரைக் கூப்பிட்டு, ஒஸ்வால்ட் முந்தின நாள் இறந்துவிட்டார் என்றான். சுவாமியார் போனாரா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. மணி அடிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது வீடு முழுக்கப் பினைல் மணம். கட்டில், பாய், துணி எல்லாவற்றையும் எரித்திருந்தார்கள். மேசைமேல் செபஸ்தியார் நின்றார். அவர்மேலும் மருந்து அடித்திருந்தார்கள், நெஞ்சில் வர்ணம் உரிந்து மரம் தெரிந்தது. மற்ற நாலு அம்பும் இருந்தன. விளக்கில் எண்ணெய் அப்படியே தூசு படிந்து கிடந்தது. அதை ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் விட்டு ஏற்றினேன். சுருவம் இருக்கிற வீடு. முன் கதவைத் திறந்துவைத்தேன்.

யாரும் வரவில்லை. நான் பைப்படிக்குப் போனால் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். முற்றத்தில் ஓடுகிற பிள்ளைகளை எண்ணினேன். முதல் நாள் பத்து, இரண்டாம் நாளும் பத்து. கொன்ஸ்ரன்ஸைக் காணவில்லை. புளோறன்ஸின் வீட்டு யன்னல் சாத்தியிருந்தது. கேட்கலாம், ஒரு வார்த்தைதான். என்னால் முடியவில்லை. இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? கதவுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்து மூன்று நாள் முற்றத்தைப் பார்த்தேன். செபம் சொல்லக்கூடப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தியில் வாசலை யாரோ மறைத்தார்கள். புளோறன்ஸ். மெலிந்திருந்தாள். அவளுடைய சீலைத் தலைப்புக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. ஒரு முழங்காலில் வெள்ளைத் தழும்பு.

நான் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்னை மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைக்காதே” என்றாள்.

“இல்லை.”

“பதினாலு நாள் நான் நித்திரை கொள்ளேல்லை. இவளின்ர நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தனான். பிறகும் நீ வந்தாய் எண்டு வெளியில விடப் பயத்தில உள்ளுக்கே வைச்சிருந்தனான். உன்னைச் சபிக்காத நாள் இல்லை.”

“ஓம்.”

“அண்டைக்கு நீ வாய் திறந்திராட்டி எங்களுக்கு ஆர் பால் கட்ட வந்திருப்பினம் எண்டு ஹெக்டர் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனார். எனக்கு அது கேக்க ஏலாது. எனக்குக் கோபம்தான்.”

“பின்ன ஏன் வந்தனீ?”

அவள் உள்ளே வந்தாள். பிள்ளையை முன்னால் இழுத்து என் மடிக்கு நேரே நிறுத்தினாள். கையில் பால் கட்டின இடம் பொருக்கு விட்டிருந்தது. புளோறன்ஸ் பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். 

“எண்ணெய் பூசாம விட்டிட்டாய்” என்றாள். “பூசு.”

கொன்ஸ்ரன்ஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. நான் விளக்கில் பெருவிரலைத் தோய்த்தேன். காம்பில் சுரண்டிச் சுரண்டிக் கழுவின கை, ஒரு நோயும் இல்லாத கை. ஆனாலும் பயம் போகவில்லை. பூசினேன்.